ஆவணி முடிந்த பிறகும் விரதம்

எனக்கு இளநீர் வேண்டாம். யாராவது வெட்டிக் கையில் தந்தால் வாங்கி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவேன். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு சாட்டும் வைத்திருக்கிறேன். என் வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை. சாட்டுச் சொல்வதில் நான் பழைய ஆள். அதில் ஒரு சாட்டு மட்டும் இன்னும் என் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டில் எனக்கு நாற்பது வயதுக்குக் கிட்ட. அச்சுவேலியில் வீடு, பட்டணத்தில் ஒரு தபாற்கந்தோரில் கிளாக்கர் வேலை. கந்தோர் முடிந்ததும் ஊருக்கு பஸ் ஏறாமல் கடற்கரைப் பக்கம் நடந்து ஒரு கள்ளுத் தவறணைக்குப் போவேன். ஊரிலும் தவறணை இல்லாமலில்லை. ஆனால் அங்கே குடித்தால் நாலு பேர் பார்த்துவிடுவார்களே! தூரத்தில் குடித்துவிட்டு, பஸ்ஸால் இறங்கி, சந்தைக்கு நடுவால் தள்ளாடி வீட்டுக்குப் போனால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கிற பூனைக்கு என்னைவிடக் கொஞ்சம் புத்தி இருந்திருக்கும்.

அதற்கு முந்திய கார்த்திகையில் அப்பா செத்துப்போனார். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி. நான் மூத்த மகன், கிரியை செய்ய வேண்டியவன். ஐயர் பிண்டத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, கால் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன். திரும்பி வரும்போது காலும் நிதானத்தில் இல்லை, நாக்கும் இல்லை. என் இடத்தில் தம்பி தர்ப்பை போட்டுக்கொண்டு இருந்தான். யாரும் என்னை ஏசவில்லை. ஐயர்கூட மந்திரத்தை நிறுத்தாமல் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஏசியிருந்தால் நானும் நாலு சொல் திருப்பிச் சொல்லி என் மனத்தை ஆற்றியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து தோய்ந்துவிட்டு இருந்தபோது மனைவி வந்து எதிரே நின்றாள். அவள் சத்தம் போடுகிற பெண் அல்ல. அதனாலேயே அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"ஆண்டுத் திவசத்துக்கு நீங்கள் வெறியில்லாமல் நிண்டு பிண்டம் வைக்கவேணும். இல்லையெண்டால் நான் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மானிப்பாய்க்குப் போயிடுவன். பிறகு கூப்பிட வராதேங்கோ."

மானிப்பாய் அவள் பிறந்த வீடு. வெறும் பேச்சுக்காக அவள் ஒன்றும் சொல்லமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

குடியை விடுவது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. எங்கள் ஊர்க் குடிகாரர் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. கோயிலில் கொடி ஏறினால் குடிக்கமாட்டோம். திருவிழா முடியும்வரை மீன் மச்சமும் இல்லை, கள்ளும் இல்லை. விபூதியைப் பூசிக்கொண்டு தேருக்குத் தோள் கொடுப்போம். பெண்டுகளும் அதைப் பார்த்து, "நினைச்சால் விடுவார்" என்று ஆறுதல் பட்டுக்கொள்வார்கள். கொடி இறங்கியதும் நாங்களும் இறங்கிவிடுவோம். அந்த வருடமும் அப்படியே விட்டேன், அப்படியே தொடங்கினேன். சாண் ஏற முழம் சறுக்கியது. ஆடியில் வயிற்று நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே வேலை செய்த ஒரு சிஸ்டர் நோயைப் பற்றி ஒன்றும் கேட்காமல் என் கைகளைப் பார்த்தார். கடற்கரைப் பங்கு ஒன்றில், வேதக்கோயில் மண்டபத்தில், ஞாயிறு பின்னேரங்களில் குடியை விட்டவர்கள் கூடிக் கதைக்கிறார்கள் என்றார். மதம் மாறச் சொல்லமாட்டார்கள், பயப்படாதேங்கோ என்றும் சொன்னார். நான் பயந்தது அதற்கல்ல.

ஆவணி மாதத்து முதல் ஞாயிறு புறப்பட்டேன். பட்டணத்தில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தேன். வழி தெரியாது. கேட்கலாமென்றால் என்னவென்று கேட்பது? "குடிகாரரின் கூட்டம் எங்கே" என்று கேட்க என் வாய் வரவில்லை. கருவாடு காயப்போட்டிருந்த ஒரு பெண்ணிடம் பங்கு மண்டபத்தைக் கேட்டேன். கலியாண வீடோ என்றாள். இல்லை என்றேன். செபக்கூட்டம் காலையிலேயே முடிந்துபோயிற்றே என்றாள். பின்னேரம் ஒரு கூட்டம் நடக்குமாம் என்றேன். அவள் என்னை நெற்றியிலிருந்து செருப்புவரை பார்த்தாள். பிறகு, ஒழுங்கையால் பெரிய தேநீர்க் கேத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போன ஒருவரைத் தெருவெல்லாம் கேட்கக் கூப்பிட்டாள்.

"உந்த ஐயாவையும் கூட்டிக்கொண்டு போ. குடிக்காத ஆக்களின்ரை கூட்டத்துக்காம்."

எங்கள் ஊரில் எனக்கிருந்த பெயர் வேறு. குடிக்காத ஆட்கள் என்று ஒருத்தி என்னையும் சேர்த்துச் சொன்னதைக் கேட்டதும், வெட்கத்தோடு வந்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கேத்தில்காரர் அதைக் கண்டும் காணாதவர்போல முன்னால் நடந்தார். என் வயதுதான் இருக்கும். மீன்பிடிகாரர். கடலுக்குப் போகத் தடை இருந்த காலம் ஆகையால் பகலிலும் கரையில் நின்றார்.

மண்டபத்தில் இரண்டு வரிசை மர வாங்கு. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பெயர் கேட்கவில்லை, ஊரை மட்டும் கேட்டார்கள். அன்றிலிருந்து நான் அச்சுவேலி ஐயா. ஒருவர் எழுந்து எனக்காகக் கூட்டத்தின் ஒழுங்கைச் சொன்னார். இங்கே ஒருவரும் கதைத்தேயாக வேண்டும் என்றில்லை, கதைத்தால் பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான் என்றார். நல்ல ஒழுங்கு என்று தலையாட்டினேன். அந்த நேரம் கேத்தில்காரர் ஒரு கிளாஸில் தேநீர் ஊற்றி என் முன்னால் நீட்டினார்.

"எனக்கு விரதம்," என்றேன். "ஆவணி ஞாயிறு."

அந்த மண்டபத்தில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

எனக்கு ஒரு விரதமும் இல்லை. எங்கள் வீட்டில் கடற்கரையாட்களின் கையால் தேநீர் வாங்கிக் குடிப்பதில்லை. ஏனென்று யாரும் இருத்திச் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தராமலே படித்துவிட்ட பாடம் அது. தவறணையில் அவர்களோடு ஒரே வாங்கில் இருந்துதானே குடித்தாய் என்று கேட்பீர்கள். அங்கே கள்ளு பிளாவில் வரும். பனையோலையை மடித்துக் கட்டிய பிளா; குடித்ததும் எறிந்துவிடலாம். ஆளுக்கொரு பிளா என்றால் ஆசாரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று எங்களவர்கள் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். இது கிளாஸ். ஒரு வாளித் தண்ணீரில் அலசி, எல்லோர் வாய்க்கும் போய் வருகிற கிளாஸ். தகப்பனின் பிண்டத்தை விட்டுக் கள்ளுக்கு ஓடியவனுக்கு, தேநீரில் ஆசாரம் வந்து நின்றது! இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

கேத்தில்காரர் முகம் மாறவில்லை. நல்லது ஐயா என்று சொல்லிவிட்டுக் கிளாஸைப் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு போனபோது என் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் இளநீர் இருந்தது. கேத்தில்காரர் தன் வளவு மரத்தில் பிடுங்கியதாம். விரதகாரர் இளநீர் குடிக்கலாம்தானே என்று கேட்டு, அவரே சீவி, கண் திறந்து என் கையில் தந்துவிட்டு அப்பால் போய்விட்டார். எங்கள் பக்கத்தில், தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாது என்று வைத்திருக்கிற சாதிக்காரரின் வீட்டுக்கு எங்களைப் போன்றவர்கள் போக நேர்ந்தால், அந்த வீட்டுக்காரர் இளநீர்தான் வெட்டித் தருவார்கள். பாத்திரம் படாத தண்ணீர். ஏன் தருகிறார் என்று தருகிறவருக்கும் தெரியும், குடிக்கிறவருக்கும் தெரியும். இரண்டு பேரும் வெயிலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நானும் அன்று, நல்ல வெயில் என்றேன். அவரும், ஓம் என்றார்.

ஆவணி முழுவதும் அப்படியே போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு இளநீர், மற்றவர்களுக்குத் தேநீர். அவர்கள் ஒவ்வொருவராய் எழுந்து தங்கள் சீவியத்தைச் சொன்னார்கள். கேத்தில்காரரும் ஒருநாள் சொன்னார். மகளின் முதல் நன்மைக்கு, பிள்ளைகள் முதன்முதலாய் நற்கருணை வாங்கும் அந்த நாளில், வெறியோடு கோயிலுக்குப் போய், படியில் இடறி, வெள்ளைச் சட்டையோடு நின்ற பிள்ளையின் மேலேயே விழுந்தாராம். சட்டை கிழிந்து சேறாகி, அந்தப் பிள்ளை அயல்வீட்டுப் பிள்ளையின் பழைய சட்டையோடு போய் நன்மை வாங்கினாளாம். இப்போதும் மகள் தன் முன்னால் வெள்ளை உடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு, கேத்திலைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாங்குக்குப் போனார். எனக்கும் கீரிமலையைச் சொல்லவேண்டும் போல இருந்தது. நெஞ்சுவரை வரும். பக்கத்தில் இளநீர்க் கோம்பை கிடக்கும். பொய்யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்ல முடியவில்லை.

ஆனால் குடிக்கவில்லை. அதையும் சொல்லவேண்டும். அந்த மனிதர்களின் குரல் அடுத்த ஞாயிறுவரை காதில் இருந்தது, நான் நேரே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். மனைவி ஒன்றும் கேட்கமாட்டாள். மகள் மட்டும், நான் படலையைத் திறக்கும்போது முன்போல உள்ளே ஓடாமல் நின்று பார்க்கத் தொடங்கினாள்.

பிறகு புரட்டாதி பிறந்தது. ஆவணிக்குத்தான் ஞாயிறு விரதம், புரட்டாதிக்குச் சனிக்கிழமை. என் பொய்க்கு மாதம் முடிந்துவிட்டது. அந்த முதல் ஞாயிறும் இளநீர் அதே இடத்தில் இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஊரெல்லாம் சைவக்காரரோடு பழகுகிற மனிதருக்கு எந்த மாதத்துக்கு எந்த விரதம் என்று தெரியாமலா இருக்கும்? நான் அந்த இளநீரை எப்படிக் குடித்து முடித்தேனோ தெரியாது. அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. பஸ் ஓடவில்லையாம் என்று மனைவிக்குச் சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. ஒரு தேநீரைக் குடித்துவிட்டால் தீர்ந்துபோகிற சங்கதி. அதைச் செய்ய மனமில்லாமல், என்னைப் பிடித்து நிறுத்தியிருந்த ஒரே கயிற்றை நானே அவிழ்த்துவிட்டேன். கந்தோர் முடிந்து ஒருநாள் கால் தானாகவே கடற்கரைப் பக்கம் திரும்பியது. தவறணையின் மூலையில் புளித்த மணம் வந்தது. அன்றைக்குத் திரும்பிவிட்டேன். நாளைக்கும் திரும்புவேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்து வந்த ஞாயிறு காலை படலையில் சைக்கிள் மணி கேட்டது. எட்டிப் பார்த்தால் கேத்தில்காரர், வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். கூட்டத்துக்கு வராமல் விட்டதால் பார்க்க வந்தாராம். வீட்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"சந்தையிலை விசாரிச்சன். கந்தோரிலை வேலை, முந்திக் குடிக்கிறவர் எண்டு சொன்னன். உடனை காட்டிவிட்டிச்சினம்."

அந்த "முந்தி" என் கன்னத்தில் அறைந்தது. எங்கள் ஊரில் என்னைப் பற்றி அப்படிச் சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனேன். மனைவி அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். யாரென்று கேட்டாள், சொன்னேன்.

"தேத்தண்ணி போடுறன். என்னத்திலை குடுக்கிறது?"

உப்புப் போதுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். தட்டில் வீட்டுக் கோப்பைகள் இருந்தன. தாவாரத்தில், தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு தகரப் பேணி கவிழ்த்துக் கிடந்தது. ஒரு சொல் சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. செருகியிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்கோடிக்குப் போய், ஓர் இளநீரைப் பறித்துச் சீவினேன். பேணி என்றும் சொல்லவேண்டாம், கோப்பை என்றும் சொல்லவேண்டாம். என் புத்தி எனக்கு அப்போது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அவர் இளநீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சின்னதாய் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"எனக்கு விரதமில்லை அண்ணை," என்றார்.

அதுவரை ஐயா என்று கூப்பிட்டவர் அன்றுதான் முதன்முதலாய் அண்ணை என்றார். சொல்லிவிட்டு, அண்ணாந்து, அந்த இளநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோம்பையைச் சுவரோரம் பக்குவமாக வைத்தார். பிறகு, கோபம் ஒன்றும் இல்லாமல் கதைக்கத் தொடங்கினார்.

"உங்களுக்கு நினைவிராது. போன மாரியிலை, தவறணையிலை உங்களுக்குப் பக்கத்திலை இருந்தனான். உங்கடை பிளா பிரிஞ்சு கள்ளெல்லாம் வேட்டியிலை ஊத்துப்பட்டுப் போச்சு. நீங்கள் என்ரை பிளாவை வாங்கி, நான் குடிச்சு வைச்ச மிச்சத்தைக் குடிச்சனீங்கள். நான் வீட்டை போய் மனிசிக்குச் சொன்னனான், கந்தோர் ஐயா ஒருத்தர், வித்தியாசம் பாராத மனிசன் எண்டு. மண்டபத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகேக்கை எனக்குச் சரியான சந்தோசம்."

வெறியில் நான் மனிதனாய் இருந்திருக்கிறேன். தெளிந்ததும் என் வீட்டு ஆசாரத்துக்குத் திரும்பிவிட்டேன். குடியை விட்டால் மனிதன் திருந்துவான் என்கிறார்கள்; என் கதை அப்படிப் போகவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பின்னேரம் வாங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பினால் கதவடியில் மனைவி நின்றாள். கையில் தேநீர். வீட்டுக் கோப்பை, அதுவும் விருந்தாளிகளுக்கென்று தட்டின் மேலே வைத்திருக்கிற கோப்பை. நான் சொல்லாத பதிலை அவளே முடிவுசெய்து ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டும் நின்றிருக்கிறாள்.

"ஆறிப்போச்சு," என்று மட்டும் சொன்னாள்.

பின்னேரம் போனேன். அன்று என் இடத்தில் இளநீர் இல்லை. கேத்தில்காரர் எல்லோருக்கும் ஊற்றுவதுபோல ஊற்றி என் முன்னாலும் ஒரு கிளாஸை வைத்தார். நான் எழுந்து நின்று, எனக்கு விரதமில்லை, ஒருநாளும் இருந்ததில்லை என்று சொன்னேன். பிறகு தேநீரைக் குடித்தேன். சீனி கூடிப்போன சாதாரணத் தேநீர். அதற்குப் பிறகுதான் கீரிமலையைச் சொன்னேன். ஒருவரும் என்னைத் தேற்றவில்லை, குறை சொல்லவுமில்லை. சொல்லி முடிந்ததும் அடுத்தவர் எழுந்து தன் கதையைத் தொடங்கினார்.

கார்த்திகையில் அப்பாவின் ஆண்டுத் திவசம் வந்தது. தோய்ந்து, தர்ப்பை போட்டு, ஐயர் சொன்னபடி நானே பிண்டம் வைத்தேன். தம்பி எனக்குப் பின்னால் நின்றான். மகள் முழு நேரமும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மானிப்பாய்க்குப் போவதற்கென்று மனைவி வருடம் முழுவதும் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த சூட்கேஸ் அன்று காலையில் அலுமாரிக்கு மேலே போயிருந்தது.

கேத்தில்காரரையும் வரச் சொல்லியிருந்தேன். வெள்ளைச் சேட்டோடு வந்தார். பந்தியில், இலைக்கு முன்னால், மற்றவர்களோடு இருத்தினேன். எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. அப்போது பந்தியின் மற்றக் கரையில் இருந்த பெரிய மாமா தலையைத் தூக்கி, உவர் ஆர், எங்கத்தை ஆள் என்று கேட்டார். பந்தி முழுவதும் என் பக்கம் திரும்பியது. நான் குடியை விட உதவிய மனிதர் என்று சொல்லியிருக்கலாம். என் கூட்டாளி என்று சொல்லியிருக்கலாம். கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"கந்தோருக்கு வாறவர், மாமா. அந்தப் பழக்கம்."

அவருக்குக் கேட்டது. குழைத்த சோறு கையில் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு சாப்பிட்டார். பாயசம் கேட்டு வாங்கியும் குடித்தார். போகும்போது, பிண்டம் வடிவாய் வைச்சியள் அண்ணை என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினார். மனைவி குசினிப் பக்கமிருந்து என்னைப் பார்த்தாள். அவள் பார்வைக்கு எதிரே நிற்க முடியாமல் இலை எடுக்கப் போனேன்.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் நான்தான் முதலில் எழுந்தேன். திவசம் முடிந்ததென்று எல்லோருக்கும் தெரியும். நல்ல செய்தி சொல்லப்போகிறேன் என்று நிமிர்ந்து இருந்தார்கள். கேத்தில்காரர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு முன் வாங்கில் வந்து இருந்தார்.

"நான் குடிக்கேல்லை," என்றேன். "ஆனால் பொய் சொல்லிப்போட்டன். இவரைப் பற்றி."